கேபின் தானா விழல

அன்பு மகன் உதய்க்கு அம்மா எழுதறது. மஸ்கட்டுல வெயில் கொஞ்சம் தணிஞ்சுதா, ரூம்ல ஏசியை ரிப்பேர் பண்ணிக் குடுத்தாங்களா, நேரத்துக்கு வயித்துக்குச் சாப்பிடறியா. நீ நல்லா இருக்கணும்னு மாரியம்மனுக்கு ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் தினம் அடுப்பு பத்த வெக்கிறேன். இங்க எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உங்கப்பாவுக்கு விலாவுல கட்டு போட்டிருக்கு, படுத்தா வலிக்குதுன்னு செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கினே தூங்கறாரு. போன்ல பேசாம எதுக்குக் கடுதாசின்னு கேப்ப. போன்ல நீ எங்கடா பேச விடற. ஞாயித்துக்கிழமை நீ கத்தின கத்துல போனைக் கீழ வெச்சுட்டேன், நீ பாட்டுக்கு தரையோட பேசிக்கினு இருந்த. அதான் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கினு உக்காந்துட்டேன். பக்கத்து வீட்டு மங்கம்மா போட்டோ புடிச்சு உன் போனுக்கு அனுப்பறேன்னு சொல்லியிருக்கா. அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது, தெலுங்குதான் படிப்பா, அதனால நான் மனசுல இருக்கறதெல்லாம் எழுதலாம். நீ போன்ல ரெண்டு விஷயம் சொன்ன. போலீஸ் வந்து கேட்டா டைட்டஸ் கை மேல லாரி கேபின்தான் விழுந்துச்சு, உங்க அண்ணன் மனோகரு தொடவே இல்லன்னு நான் சொல்லணும், இது ஒண்ணு. அப்பாவை உதைச்ச டைட்டஸ் தம்பி டக்ளஸை நீ லீவு போட்டு வந்து வெட்டப் போற, இது ஒண்ணு. ரெண்டுக்கும் இதுல பதில் இருக்கு. முழுசா படி, அப்புறம் கத்து.

லாரி விஷயத்துல உங்க அண்ணன் சொன்னது மட்டும்தான் உனக்குத் தெரியும். தீபாவளிக்கு முன்னாடி மனோகரு இன்ஜினைப் பெருசு பண்ணணும்னு ஒத்தக் கால்ல நின்னான். குடியாத்தத்துல செங்கல் லோடு ஏத்திக்கினு பேரணாம்பட்டு காட் மலை ரோடு ஏறும்போது மத்தவன் வண்டியெல்லாம் ஆரன் அடிச்சுத் தாண்டிப் போவுதாம், இவன் மட்டும் எருமை மாதிரி முக்கிக்கினு போறானாம், மானம் போவுதாம். சரின்னு கோரமண்டல்ல டீசல் இன்ஜின் ரிப்பேர் ஷெட் வெச்சிருக்கற டைட்டஸ்கிட்டயே குடுத்தான். உன்கூட ஹாக்கி ஆடினவன், நீ முதல் தடவை பிளேன் ஏறும்போது ஏர்போர்ட் வரைக்கும் வந்து உன் பெட்டியைத் தூக்கினவன், அவனைப் பத்தி நான் உனக்குச் சொல்லத் தேவையில்ல. பெரிய டர்போ, பெரிய பம்பு, புது நாசில்னு எல்லாம் போட்டான். டீசல் திருடு ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு டேங்குக்குப் பூட்டு வெச்ச புது மூடியும் போட்டாங்க, அதுக்குச் சாவி உங்கப்பாகிட்ட. முதல் நாள் லாரி சத்தத்தைக் கேட்டுட்டு அவரு பரவால்லன்னாரு, அவரு வாயில அந்த வார்த்தை வர்றதே அதிசயம். அப்புறம் புடிச்சுது பாரு சனி. லோடோட கொஞ்ச தூரம் போனா ரெண்டு தடவை குலுங்கும், இன்ஜின் நின்னுடும். ஒரு டீ குடிச்சுட்டு வந்து சாவி போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவும். டைட்டஸ் பில்டர் மாத்தினான், டீசல் டியூபை மாத்தினான், லைன்ல புகுந்த ஏரை எடுத்தான், பம்பைக் கழட்டி வேலூருக்குக் கொண்டு போய் செக் பண்ணி வந்து மாட்டினான். அவன் ஓட்டிப் பாத்தா நிக்காது. ஆண்டர்சன்பேட்டையைச் சுத்திட்டு வருவான், தும்மல் கூட இருக்காது. நம்ம கைக்கு வந்தா நின்னுடும். அவனும் தலையைப் பிச்சுக்கினான். ஆனா உங்க அண்ணனுக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சுபோச்சு, டைட்டஸ் பழைய பம்புக்குப் பெயின்ட் அடிச்சு மாட்டிட்டு நம்மகிட்ட நாடகம் ஆடறான்னு. டீக்கடையில உக்காந்தவனுங்க வேற நல்லா ஊதி விட்டானுங்க. வெந்த புண்ணுல வேல் பாய்ச்சறதுக்கு ஊருல ஆளா இல்ல.

போன வாரம் காட்ல பாதி ஏறினதும் இன்ஜின் நின்னுது. இன்ஜின் நின்னா பிரேக்குக்குக் காத்து ஏறாதாமே, ஸ்டீயரிங்கும் திரும்பாதாமே, லோடு வண்டி பின்னாலயே உருண்டிருக்கு. பின்னாடி பைக்ல வந்த புருசனும் பொண்டாட்டியும் பைக்கைப் போட்டுட்டுக் குதிச்சு ஓடினாங்களாம், பைக் டயருக்கு அடியில அப்பளமா போச்சு. கைப்புடிச் செவுரு மேல மோதி, பின் சக்கரம் பள்ளத்துல தொங்கிக்கினு நின்னுது வண்டி. உங்க அண்ணன் உள்ளயே உக்காந்திருக்கான், கதவைத் திறந்தா வண்டி ஆடுதாம். கிரேன் வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தான்டா. என் புள்ளை செத்திருப்பான், அதை நான் மறக்கல, இதைப் படிக்கும்போது நீயும் அதை ஞாபகம் வெச்சுக்கோ. மறுநாள் மத்தியானம் வண்டியை நம்ம வீட்டுக்கு எதிர்ல ஸ்கெலட்டன் மைதானத்துல கொண்டாந்து நிறுத்தினான். சோறு போடறேன்னேன், வேணாம்னான். டைட்டஸுக்குப் போன் போட்டு, வந்து பாருடான்னு தன்மையாத்தான் கூப்பிட்டான். டைட்டஸ் சாப்பிட்டுக்கினு இருந்தவன் பாதியில எழுந்து வந்திருக்கான், கை கழுவின ஈரம் கூடக் காயல. முதல்ல உங்க அண்ணன் தோளைப் புடிச்சு, உனக்கு ஒண்ணும் ஆவலையேன்னு கேட்டான். அப்புறம் கேபினைச் சாய்ச்சுத் தூக்கி வெச்சுட்டு உள்ள கை விட்டு பம்பைத் தடவிக்கினு இருந்தான். அப்பா குளிக்கப் போயிருந்தாரு. உங்க அண்ணி நளினி அடுப்பங்கரையில. நான் குழாயடியில குடத்தை வெச்சுட்டு நின்னேன். தெருவுல வேற ஒரு ஆள் இல்ல.

உதய், நான் பாத்ததை எழுதறேன். உங்க அண்ணன் திட்டல, கேக்கல. கீழ கிடந்த ஜாக்கி ராடை எடுத்தான், ரெண்டு கையாலயும் ஓங்கி டைட்டஸோட வலது மணிக்கட்டு மேல போட்டான். காஞ்ச வெறகு முறியற சத்தம் குழாயடி வரைக்கும் கேட்டுது. டைட்டஸ் கையை இழுக்கப் பாத்தான், முடியல, விரலு சேசிஸ் மேல இருந்துச்சு, அது மேல இன்னொண்ணு போட்டான். அப்புறமும் ஒண்ணு. டைட்டஸ் அம்மான்னு கூட கத்தல, டேய் மனோ, டேய் மனோன்னுதான் சொல்லிக்கினு இருந்தான், யாரோ தெரியாத ஆள் அடிக்கறான், மனோகரு வந்து காப்பாத்துவான்ற மாதிரி. அவன் கீழ சரிஞ்சப்புறம்தான் உங்க அண்ணன் கொக்கியை எடுத்துக் கேபினை இழுத்து விட்டான். அது தடால்னு விழுந்த சத்தத்துக்குத்தான் தெரு வெளியில ஓடியாந்துச்சு. எல்லாரும் பாத்தது விழுந்த கேபினை. நான் பாத்தது அதுக்கு முன்னாடி. அவன் நிமிர்ந்தான், குழாயடியில நான் நிக்கறேன். என் குடம் ரொம்பி தண்ணி கால் மேல ஓடிக்கினு இருக்கு. அப்பத்தான் அவனுக்கு நான் பாத்தது தெரிஞ்சுது.

டைட்டஸை பெங்களூருக்குக் கொண்டு போனாங்க. ரெண்டு விரலு எடுத்தாச்சு, கட்டை விரலு இருக்கு ஆனா அது மடங்காது, ஸ்பேனர் புடிக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாராம். போலீஸ்ல டைட்டஸ் நடந்ததைச் சொல்லிட்டான், உங்க அண்ணன் கேபின் விழுந்துச்சுன்னு சொல்லிட்டு ஆந்திராப் பக்கம் குப்பத்துல நளினியோட அம்மா வீட்டுக்குப் போயிட்டான். மூணாம் நாள் காலையில டைட்டஸ் தம்பி டக்ளஸ் கடப்பாரையோட வந்தான். வீட்டுக்குள்ள வரல, நேரா லாரிகிட்டப் போனான். முன் கண்ணாடியை உடைச்சான், ரெண்டு லைட்டையும் உடைச்சான், கதவைக் குத்திக் கிழிச்சான், டீசல் டேங்கை ஒரு போடு போட்டான், மூடி பிச்சுக்கினு மைதானத்துல உருண்டு போச்சு. அப்பா வேணாம்பா வேணாம்பான்னு குறுக்க போனாரு. நெஞ்சுல உதைச்சான், கீழ விழுந்தவரை திரும்ப விலாவுல உதைச்சான். நான் ஓடிப்போய் அவன் தலைமுடியைப் புடிச்சு இழுத்தேன், ஒரு கொத்து என் கையோட வந்துச்சு. அவன் என் மேல கை வெக்கல. அங்கயே மண்ணுல உக்காந்து, எங்க அண்ணன் இனிமே இன்னா பண்ணுவான் ஆன்ட்டின்னு கேட்டு ஒப்பாரி வெச்சு அழுதான். என் கையில அவன் முடி, அவன் கால்மாட்டுல உங்கப்பா. எனக்கு யாரைத் தூக்கறதுன்னு தெரியல.

இப்ப கேளு. லாரியில செங்கல் லோடு அப்படியே கிடக்கு, ஹொசகோட்டைக்காரன் லோடு எங்கன்னு போன் மேல போன். போலீஸ் போட்டோ எடுத்துட்டு வண்டியை எடுத்துக்கினு போங்கன்னுட்டாங்க. மாரிக்குப்பம் டென்னிஸ் இருக்கான் இல்ல, அண்ணனுக்கு மாத்து டிரைவர், அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு, டேங்க் வாயில துணியை லேசா மூடிட்டு, முன் கண்ணாடி இல்லாத வண்டியை எடுத்துக்கினு போனான். பங்காருப்பேட்டை தாண்டறதுக்குள்ள நிக்கும், எதுக்கும் போனைக் கையிலயே வெச்சுக்கோங்க மாமான்னு அப்பாகிட்ட சொல்லிட்டுப் போனான். போன் வரவே இல்ல. வண்டி ஹொசகோட்டை வரைக்கும் நிக்காம போயி லோடு இறக்கிட்டு நிக்காம வந்துச்சு. டென்னிஸுக்கே நம்ப முடியல. மைதானத்துல தேடி மூடியை எடுத்து, தட்டி நிமித்தி, அப்பாகிட்ட சாவி வாங்கி டேங்குல பூட்டிட்டு பேத்தமங்கலம் ரோட்டுல ஒரு விரட்டு விரட்டினான். ரெண்டு தடவை குலுங்கி நின்னுது. மூடியைத் திறந்தானாம், டேங்க் உஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுத்துச்சாம், சாவி போட்டதும் ஸ்டார்ட். மூடியைக் கொண்டாந்து அப்பா கையில குடுத்தான். அந்த மூடியில காத்து போறதுக்குன்னு கம்பெனிக்காரனே ஒரு சின்ன ஓட்டை வெச்சிருக்கான். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து உள்ள போகணுமாம், இல்லன்னா பம்பு இழுத்தாலும் டீசல் வராதாம், அதுவும் இது பெரிய பம்பு, வேகமா இழுக்கும். அந்த ஓட்டையில சணல் நூலைத் திரிச்சு வெச்சு, மேல ஒயிட் லெட் பேஸ்ட் பூசி, சும்மா சிமென்ட் மாதிரி அடைச்சிருந்துச்சு. அதை அடைச்சது உங்கப்பாதான்டா. மைன்ஸ்ல கீழ் லெவலுக்கு எண்ணெய் டிரம் இறக்கும்போது ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கேஜ் லிப்ட்ல ஏத்த விடமாட்டாங்களாம், ஆவி கசிஞ்சா கீழ நெருப்புப் புடிக்கும்னு. அதை அடைக்கறதுதான் அவரு வேலை, மைன்ஸ் மூடற வரைக்கும் அதைத்தான் பண்ணாரு. புது மூடியில ஓட்டையைப் பாத்ததும் அவரு கை சும்மா இருக்கல, சயனைட் மேட்டு மைன்ஸ் கழிவு மண்ணு வேற காத்துல பறந்து உள்ள போயிடும்னு நெனச்சு அடைச்சுட்டாரு. யார்கிட்டயும் சொல்லல, சொல்றதுக்கு அது ஒரு விஷயம்னே அவருக்குத் தோணல. டைட்டஸ் கையில ஏன் நிக்கலைன்னு கேளு, அதுக்கும் இவர்தான். ஷெட்டுக்கு வண்டி போறதுக்கு முன்னாடியும், டைட்டஸ் ஓட்டிப் பாக்கறான்னா அங்கயே போயும், மூடியைத் திறந்து குச்சி விட்டு டீசலை அளப்பாரு, எவனும் உறிஞ்சிடக் கூடாதுன்னு. திறக்கும்போதெல்லாம் காத்து உள்ள போயிருக்கு. டைட்டஸ் செஞ்ச வேலையில ஒரு குத்தம் கூட இல்ல.

அப்பா மூடியைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம் குப்பத்துக்குப் போன் போட்டு மனோகரை வரச் சொல்லி அவரே சொன்னாரு, நான்தான்பா அடைச்சேன்னு. உங்க அண்ணன் அவரு கழுத்தைப் புடிச்சு செவுத்தோட வெச்சு அமுக்கிட்டான். விலா உடைஞ்ச மனுசன், கண்ணு பிதுங்குது, கையை எடுடான்னா எடுக்கல. தோசைக் கரண்டி அடுப்பு மேல இருந்துச்சு, எடுத்தேன், அவன் முதுகுலயும் கையிலயும் சூட்டோட போட்டேன், கை வலிக்கற வரைக்கும் போட்டேன். கல்யாண வயசுல பொண்ணு வெச்சிருக்கற புள்ளையை அடிச்சேன். அவன் கையை விட்டுட்டு அடுப்பங்கரையிலயே குந்திக்கினான். இவரு அடைச்ச ஓட்டைக்கு நான் அவன் கையை உடைச்சேனேம்மான்னு தலையில அடிச்சுக்கினான். அழட்டும்னு விட்டேன். பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா டைட்டஸ் மணிக்கட்டு முறிஞ்ச சத்தமும் அதே காதுலதான் இருக்கு.

டக்ளஸ் விஷயத்துக்கு வர்றேன். இன்ஸ்பெக்டர் வந்து அப்பாவைக் கேட்டப்ப, யாரும் அடிக்கல சார், நானே லாரியில இருந்து கீழ விழுந்தேன்னு சொல்லிட்டாரு. இன்னும் கொஞ்சம் விட்டா கண்ணாடியையும் நானே உடைச்சேன்னு சொல்லியிருப்பாரு. இன்னாங்க இப்படிச் சொல்லிட்டீங்கன்னு கேட்டா, அவன் அண்ணன் கை போனதுக்கு நான்தான் ஆரம்பம், அவன் மேல எந்த மூஞ்சை வெச்சுக்கினு எழுதிக் குடுப்பேன்னாரு. உதை வாங்கினவரே விட்டுட்டாரு, நீ கடல் தாண்டி வந்து வெட்டறதுக்கு இன்னா இருக்கு. வீட்டுல கை ஓங்கினவன் ஒருத்தன் போதும். நீ கத்தியைத் தொட்டேன்னு காதுல விழுந்துச்சு, உங்க அண்ணனுக்கு விழுந்த கரண்டி உனக்கும் விழும், உன் வயசைப் பாக்க மாட்டேன்.

போன திங்கக்கிழமை டைட்டஸ் பொண்டாட்டி லவினா வந்தா. சண்டை போட வந்திருக்கான்னு நளினி கதவைச் சாத்தப் போனா. அவ வாசப்படி ஏறல. ஆன்ட்டி, நீங்க அன்னைக்குக் குழாயடியில இருந்தீங்க இல்லயான்னு மட்டும் கேட்டா. நான் ஆமான்னேன். சரி ஆன்ட்டின்னுட்டுப் போயிட்டா. திட்டியிருந்தா நானும் நாலு திட்டு திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அப்பா கீழ விழுந்தேன்னு பொய் சொல்லலாம், அம்மா நீ கேபின் விழுந்துச்சுன்னு சொன்னா இன்னான்னு நீ கேப்ப, நளினியும் அதைத்தான் கேட்டா. அப்பா தன் விலாவுக்குப் பொய் சொன்னாரு. டைட்டஸ் கை என்னுது இல்லடா, அதுக்குப் பொய் சொல்ல நான் யாரு. கேபின் விழுந்துச்சுன்னு நான் சொன்னா, கொக்கியை ஒழுங்கா மாட்டத் தெரியாம தன் கையைத் தானே நசுக்கிக்கினவன்னு அவன் பேரு காலத்துக்கும் நிக்கும். கையும் போயி பேரும் போனா அவன் எதைத் தின்னுவான். நேத்து காலையில ராபர்ட்சன்பேட்டை ஸ்டேஷனுக்கு நானே நடந்து போனேன். இன்ஸ்பெக்டர் என்னை உக்கார வெச்சு, யோசனை மாடி அம்மா, யோசிச்சுக்கோங்க, உங்க மகன்தானேன்னு ரெண்டு தடவை கேட்டாரு. யோசிச்சுட்டுத்தான் வந்தேன்னேன். குழாயடியில இருந்து பாத்ததை பாத்த மாதிரியே சொன்னேன், அவங்க கன்னடத்துல எழுதிப் படிச்சுக் காட்டினாங்க, கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் ஜீப் வந்துச்சு. மனோகரு சாப்பிட்டுக்கினு இருந்தான், பாதியில எழுந்து கை கழுவிட்டுப் போனான். ஓடல, எதிர்த்துப் பேசல. என்னைத் திரும்பிப் பாக்கவும் இல்ல. நளினி அவன் சாப்பிட்ட தட்டை என் மேல விட்டெறிஞ்சா, நீயெல்லாம் பெத்தவளான்னா. நெத்தியில லேசா வெட்டு, கவலைப்படாத. பேத்தி இந்து என்கூட பேசறது இல்ல, அவளுக்குப் பரீட்சை வேற நடக்குது, பாவம் புள்ளை. இன்னைக்குக் காலையில நான் பொங்கல் கட்டிக்கினு ஸ்டேஷனுக்குப் போனேன், வாங்கலைன்னு திருப்பி அனுப்பிட்டான். நாளைக்கும் கட்டிக்கினு போவேன்.

நீ கோவப்படணும்னா என் மேல படு, அப்பா மேல வேணாம், டக்ளஸ் மேல வேணாம். வேலையில கவனமா இரு, உசரத்துல ஏறும்போது பெல்ட் போடு, யாராவது வாயைக் கிளறினா நகந்து போயிடு, நம்ம வீட்டு ரத்தம் எப்படிப்பட்டதுன்னு இப்பப் பாத்துட்ட. டிக்கெட் போட்டுட்டேன்னு சொன்ன, அதை கேன்சல் பண்ணிடு. கோர்ட்டுல கேஸு வரும்போது அதே வார்த்தையை நான் கூண்டுல ஏறி இன்னொரு தடவை சொல்லணுமாம், உங்க அண்ணன் எதிர்ல நின்னு கேட்டுக்கினு இருப்பானாம். ஸ்டேஷன்ல சொல்லிட்டேன், அவன் மூஞ்சைப் பாத்து சொல்ல முடியுமான்னு தெரியல, எனக்குப் பயமா இருக்கு உதய். அப்பாவால நிக்க முடியாது, நளினி வரமாட்டா. அந்தத் தேதிக்கு டிக்கெட் போடு. வந்து என் பக்கத்துல நில்லு.

உனக்கு ஒரு குறையும் வராம மாரியம்மா காப்பாத்தட்டும், அப்பா சாஞ்சுக்கினே உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாரு. லவினா போன் நம்பரை மங்கம்மா அனுப்புவா, நேரம் பாத்து டைட்டஸ்கிட்ட ஒரு வார்த்தை பேசு. இடது கையாலதான் போனைப் புடிக்கறானாம், எடுக்க லேட் ஆவும், கட் பண்ணிடாத.

இப்படிக்கு,
உன்னையும் மனோகரையும் பெத்த அம்மா,
தங்கம்மா ராஜேந்திரன்,
ஸ்கெலட்டன், கே.ஜி.எஃப்.